எரியாத உமி

குற்ற எண் 31/1983. சாட்சி தாமாகவே நிலையத்துக்கு வந்து கொடுத்த வாக்குமூலம். 5-3-1983 சனிக்கிழமை முற்பகலில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் மருதையன். வயது நாற்பத்து நான்கு. தகப்பனார் இளையபெருமாள், காலமாகிவிட்டார். திருமலைராயன்பட்டினம் கொம்யூன், போலகம், கீழத்தெருவில் குடியிருக்கிறேன். ஐஸ் கம்பெனிகளிலும் மீன் வைக்கும் குளிர் அறைகளிலும் சுவருக்குள் உமி அடைத்துக் கொடுப்பது என் தொழில். எழுதப் படிக்கத் தெரியும்.

குளிர் அறைக்கு இரண்டு செங்கல் சுவர்களை ஒன்றரை அடி இடைவெளி விட்டு எழுப்புவார்கள். உட்பக்கம் தார் பூசி, அந்த இடைவெளியில் காய்ந்த உமியைக் கொட்டி இடித்து அடைத்தால் வெளிச்சூடு உள்ளே போகாது. நாளாக ஆக உமி கீழே இறங்கும். அப்போது மேல்பலகையைத் திறந்து புது உமி போட்டு நிரப்ப வேண்டும். இருபது வருடமாக நான் இதைச் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு வரை என்னிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு, பட்டினச்சேரி சாலையில் உள்ள ஐஸ் கம்பெனியின் முதலாளி கமாலுதீன் மரைக்காயர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குளிர் அறைகளில் உமியோ தக்கையோ தெர்மாகோலோ அடைப்பவர் இனிமேல் பாண்டிச்சேரி அலுவலகத்தில் தீக்காப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும், உரிமம் பெற்றவர் செய்த வேலை என்று காட்டினால்தான் கம்பெனிக்கு அனுமதி புதுப்பிப்பார்கள் என்று சொன்னார். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில், நாகூர்ப் பக்கம் இந்த உத்தரவு கிடையாது. அங்கே நான் அடைக்கும் உமிக்கு உரிமம் வேண்டாம், இங்கே அடைக்கும் உமிக்கு வேண்டும். இரண்டு இடத்துக்கும் உமி ஒரே மில்லிலிருந்துதான் வருகிறது. இது ஏன் என்று நான் முதலாளியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மனு எழுதிப் போட்டேன்.

அதன் பிறகு 4-2-1983 வெள்ளிக்கிழமை காலை, சோதனை அதிகாரி பஞ்சநாதன் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். அன்று நான் குளிர் அறையின் வடக்குச் சுவரில் மேல்பலகையைத் திறந்து உமி நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் சுவரின் அகலத்தை அளந்தார். தார் எத்தனை பூச்சு என்று கேட்டார். உமியில் ஈரம் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன்.

அதன் பிறகு தீச்சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி, தம்மோடு கொண்டுவந்திருந்த ஒரு மரப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். சுவரில் போடுவதைப் போலவே அதில் உமியை இடித்து அடைக்கச் சொன்னார். அடைத்தேன். எதிரே உள்ள டீக்கடையிலிருந்து நெருப்புக் கங்கு ஒன்று கொண்டுவரும்படி காவல்காரர் தங்கையனிடம் சொன்னார். தங்கையன் பட்டினச்சேரியைச் சேர்ந்தவர், கம்பெனியில் இரவும் பகலும் காவல் இருப்பவர். அவர் இடுக்கியில் கங்கைப் பிடித்துக்கொண்டு வரும்போது, "நான் ஒரு பீடி பத்த வச்சாலே மொதலாளி வெளியில போடாங்கிறாரு. இப்ப சர்க்காரே கங்கு கொண்டாரச் சொல்லுது, பாத்துக்கிட்டீங்களா மருதையண்ணே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார்.

அதிகாரி கங்கைப் பெட்டியின் நடுவில் புதைக்கச் செய்து, மேலே உமி போட்டு மூடி வைத்தார். அதன் பிறகு அவரும் முதலாளியும் டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் மூடியைத் திறந்து பார்த்தார். சுவாலை இல்லை. கொஞ்சம் புகை வாசனை இருந்தது. சுவாலை வந்தால்தான் எரிந்ததாக விதியில் இருக்கிறது என்று அவர் சொன்னார். இடுக்கியால் கிளறிப் பார்த்தார், கங்கு கண்ணில் படவில்லை. "உள்ளயே அவிஞ்சுபோச்சு" என்று சொல்லி, எரியாத பொருள் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உரிமம் அனுப்பச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். நான் அவரைக் கும்பிட்டேன்.

அதன் பிறகு, "பெட்டிய மட்டும் காலி பண்ணிக் குடுங்க, ஆபீஸ் பெட்டி" என்றார். பெட்டியில் இருந்த உமியைத் திறந்திருந்த வடக்குச் சுவருக்குள் கொட்டினேன். மேலே இன்னும் மூன்று சாக்கு உமி போட்டு இடித்து, பலகையை வைத்து ஆணி அடித்தேன். அதிகாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். அந்த உமியை ஏன் சுவரில் கொட்டினாய் என்று இப்போது ஏட்டு ஐயா கேட்கிறார். அது நல்ல உமி. எரியாது என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட உமி. அதை வெளியே கொட்ட எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் என் படம் ஒட்டிய உரிம அட்டை தபாலில் வந்தது. முதலாளி அதை இரண்டு நாள் வாங்கி வைத்திருந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் மேசைக்கு மேலே மாட்டினார்.

அதன் பிறகு குளிர் அறையில் வடக்கு ஓரத்தில் வைத்த மீன் சீக்கிரம் கெடுவதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள். சுவரில் உமி இறங்கியிருக்குமோ, திறந்து பார்க்கவா என்று நான் முதலாளியைக் கேட்டேன். "சர்க்கார் சர்ட்டிபிகேட்டு மேல தொங்குது, உமியில என்ன குத்தம் இருக்கப்போவுது மருதையா? மிஷினைத்தான் பாக்கணும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து ஃபிட்டர் வந்து கம்ப்ரசரைக் கழற்றி மாட்டினார். சரியாகவில்லை. மறுபடியும் வந்து கழற்றினார்.

அதன் பிறகு மாசி மகத்தன்று கடற்கரையில் சுவாமி தீர்த்தவாரி முடிந்து நான் கம்பெனிப் பக்கம் போனேன். மீன் விற்கும் காசியம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பூனை ஒன்று சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. காசியம்மா என்னைப் பார்த்து, "என்ன மருதையா, ஐசு கம்பெனிச் செவுரு முதுகுவலிக்கு ஒத்தடம் குடுக்குது! இதுக்கும் காசு வாங்குவாரா மரைக்காரு?" என்றார். வெயில் பட்ட சூடு என்று நான் சொன்னேன். அது வடக்குச் சுவர். அதில் வெயில் படாது. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு 2-3-1983 புதன்கிழமை விடிந்ததும் கம்பெனி தீப்பிடித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது குளிர் அறையின் கூரை விழுந்திருந்தது. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. தங்கையன் வலது கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டபடி நின்றார். வடக்குச் சுவரின் மேலே புகை வருவதைப் பார்த்து ஏணி போட்டு ஏறிப் பலகையைப் பிடித்துப் பிடுங்கியதாகவும், பலகை சுட்டு உள்ளங்கை வெந்துபோனதாகவும், பலகை பெயர்ந்த உடனே உள்ளேயிருந்து சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்பியதாகவும் என்னிடம் சொன்னார். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. பீடிக்கட்டையும் வெந்த கையையும் வைத்து, அவர்தான் தீ வைத்தார் என்று அன்று பகலிலேயே கைது செய்தார்கள். இப்போது கிளைச் சிறையில் இருக்கிறார்.

அதன் பிறகு நேற்று, 4-3-1983 காலை, அதே அதிகாரி பஞ்சநாதன் மறுபடியும் வந்தார். உமி தானாக எரியுமா என்று அறிக்கை கொடுக்கும்படி அவரைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை ஆபீஸ் பெட்டி கொண்டுவரவில்லை. நான் டீக்கடையில் சோப்பு வந்த பலகைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முன்போலவே உமி அடைத்து, கங்கு புதைத்து, டீ குடித்து, திறந்து பார்த்தார். சுவாலை இல்லை. உமி எரியாதது என்றும், தீ வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். "ஒங்களுக்கு ஒண்ணும் வராது மருதையன், உரிமம் பத்திரமா இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். நான் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிட ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். பலகைப் பெட்டி உதவும் என்று உமியோடு சைக்கிளில் வைத்துக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மாலையில் என் மனைவி அல்லி, கோழிக்கூண்டில் பரப்ப உமி எடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். மேலே நாலு விரல்கடை மஞ்சளாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. "என்னங்க, பல்லு வெளக்க உமிக்கரி போட்டுக் கொண்டாந்துருக்கீங்களா? இம்புட்டு எதுக்கு, ஊருக்கே வெளக்கிவிடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது உமிக்கரியால்தான். அடுப்புக் கங்கு ஒன்றை உமிக்குள் புதைத்து விட்டுவிட்டால் சுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனிந்து, மறுநாள் எல்லாம் கரியாகிவிடும். இது எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சோதனை நடந்த இரண்டு நாளும் காலையில் நான் உமிக்கரியில்தான் பல் தேய்த்துவிட்டுப் போனேன். சோதனையின்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. முதலாளிக்கும் வரவில்லை. அதிகாரிக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

இது எரியாத உமி, அதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அல்லியிடம் சொன்னேன். "அந்தக் காயிதத்தையே உள்ள விட்டுப் பாருங்களேன், எரியுதா எரியலையான்னு தெரிஞ்சுபோவும்" என்றாள். அதன் பிறகு, போன மாதம் ஆபீஸ் பெட்டியில் இருந்த உமியை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நான் சைக்கிளைத் துடைத்தேன். அவள் பெட்டியில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்ற வேண்டாம் என்று தடுத்து, மூடியை வைத்து வாசலில் மண்ணில் வைத்தேன்.

இன்று காலை சாக்கை நனைத்து மடித்துக் கேரியரில் போட்டு, அதன் மேல் பெட்டியைக் கட்டி இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது ஏட்டு ஐயாவின் மேசை மேல் இருப்பது அந்தப் பெட்டிதான்.

ஏட்டு ஐயா கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்:

"அப்ப நீதான் கொளுத்துனேங்கிறியா?"

"இல்லீங்கய்யா."

"பின்ன அந்த ஆபீசர் கொளுத்துனாரா?"

"அவரும் இல்லீங்க. அவரு எரியுதான்னு பாத்தாருங்க."

"பின்ன யாருய்யா?"

"அதாங்க எனக்கும் வெளங்கல. தங்கையன் இல்லீங்க. அது மட்டும் தெரியும்."

உமி எரியாது என்று அதிகாரி இரண்டு தடவை எழுதியிருக்கிறார். அது உண்மை என்றால் என் உரிமம் நிற்கும், தங்கையன் சிறையில் இருப்பார். அது உண்மை இல்லை என்றால், எரியும் உமியைச் சுவரில் போட்டவன் நான், அது எரியாது என்பதற்காக உரிமம் வாங்கியவனும் நான். என் மேல் எந்தச் சட்டப்படி வழக்கு வரும் என்று கேட்டேன். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஏட்டு ஐயா சொன்னார். உரிம அட்டை எரிவதற்கு முன் முதலாளி அதை எடுத்துவிட்டாராம். அதை நான் ஒப்படைக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

தங்கையன் மேல் எனக்கு உறவோ பகையோ இல்லை. அவர் கொண்டுவந்த கங்கு அதிகாரி கேட்டது. அவர் கை வெந்தது நான் அடித்த பலகையில். இந்தப் பெட்டியில் தண்ணீர் ஊற்றாமல், கிளறாமல், இப்படியே மாஜிஸ்திரேட் ஐயாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே காட்ட வேண்டும். திங்கட்கிழமைவரை தாங்காது.

நான் சொன்னதையே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்) இ. மருதையன்

பதிவு செய்தவர் குறிப்பு: சாட்சி ஒப்படைத்த பெட்டி, அதிகாரியின் நேற்றைய அறிக்கையில் கண்டபடி "எரியாத உமி, பலகைப் பெட்டியுடன், ஒன்று" எனப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாட்சி கையெழுத்துப் போடும்போது பெட்டியின் கீழே மேசையில் புகை கண்டதால், நான் அடியில் கை கொடுத்துத் தூக்கி வெளியே மணலில் வைத்தேன். அதில் என் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. அப்போது நிலையத்தில் நானோ வேறு யாருமோ பீடி பிடிக்கவில்லை.

(ஒப்பம்) தெட்சிணாமூர்த்தி, ஏட்டு. இடது கையால் போட்டது.