இருபத்தேழாம் நோட்டீசைத் தமக்கே வழங்கிய ஹயாத் பாஷா அவர்களுக்கு

கோப்புகளின் காவலரே! கடமையே கண்ணானவரே! எங்கள் அரசு மருத்துவமனை அலுவலகத்தில் மணி அடிக்கும் முன்னே வந்து நின்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து இன்று ஓய்வு பெறும் மாண்பாளரே! வருக, அமர்க! நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடும் குணம் தங்களுக்கு உண்டு. ஆகவே இனி அவையைப் பார்த்தே பேசுகிறோம்; தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவையோரே! அலுவலக உதவியாளர் ஹயாத் பாஷா பிறந்தது இம்மருத்துவமனையின் பின்மதிலை ஒட்டிய தகரக் கொட்டகையில். தோல் பதனிடும் ஷாப்பில் உப்புத் தடவும் வேலைக்கு வந்த அவர் தந்தை போட்டது அது. அங்கே மொத்தம் முப்பத்தொன்பது வீடுகள். இடமோ மருத்துவமனையுடையது, பட்டா ஒருவருக்கும் கிடையாது. 2017இல் மகப்பேறு கட்டடத்துக்கு அனுமதி வந்ததும், காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கட்டு பாஷா கையில் தரப்பட்டது. இருபத்தேழாவது தாளில் அவர் பெயரே இருந்தது.

வேறொருவரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கியவர்களிடம் கையெழுத்துப் பெற்றார். மறுத்தவர்கள் கதவில் ஒட்டினார். “கூட இருந்தே குழி பறிக்கிறியே பாய், நல்லா இருப்பியா?” என்று பக்கத்து வீட்டு எல்லம்மா தெருவே கேட்கக் கத்தினார். கடைசியாகத் தம் வீட்டுக்குப் போனார். “இன்னாங்க இது, நம்ம வூட்டுக்கு நீங்களே நோட்டீஸா?” என்றார் மனைவி வஹீதா. “ஆபீஸ் வேல வஹீதா. பேனா எடு” என்றவர், கொடுத்தவர் இடத்திலும் பெற்றவர் இடத்திலும் தாமே ஒப்பமிட்டார். அதில் கண்டபடி முப்பதாம் நாள் காலி செய்து, குடியாத்தம் சாலையில் வாடகை வீட்டுக்குப் போனார். அலுவலகத்தில் நாங்கள் சிரித்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆறாண்டுகள் நடந்தது. நோட்டீஸ் யாருக்கும் வரவில்லை, எல்லாம் மேசையில் எழுதிக்கொண்ட பொய் என்பது அவர்கள் தரப்பு வாதம். தாள்களைப் புரட்டிய நீதிபதி, இருபத்தேழாவதில் இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்தைக் கண்டு விளக்கம் கேட்டார். “என் வூடுங்க ஐயா. குடுத்ததும் நான்தான், வாங்கினதும் நான்தான். காலி பண்ணிட்டேன்” என்றார் பாஷா. வாதம் அத்தோடு போயிற்று. நிலம் மருத்துவமனைக்கே என்றது தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு நாளில் அங்கே குடியிருப்போருக்கு மாற்றிடம் தந்த பிறகே அகற்ற வேண்டும் என்றும் சொன்னது.

மாற்றிடம் பெறுவோர் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்கள் நாங்கள்தாம். ஆணையின் சொல் பிசகாமல் முப்பத்தெட்டுப் பெயர்களை அடித்தோம். விடுபட்ட ஒரே பெயருக்குரியவர், அந்தப் பட்டியலைத் தாமே தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்தார்! ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவர் எல்லம்மாதான். தமக்குக் கிடைத்த மனைப் பட்டாவோடு இங்கே வந்து, “சொன்ன பேச்சு கேட்டு மொதல்ல போனவருக்கு இல்ல, கத்திக்கினு கெடந்த எனுக்கு இருக்குது. இன்னா நியாயம் மேடம் இது?” என்றார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவரோடு சேர்ந்து, பாஷாவுக்கும் மனை கேட்டு மூன்று மனு போட்டோம். தீர்ப்பு நாளில் பாஷா அங்கே குடியிருக்கவில்லை என்ற அதே பதில் மூன்று முறையும் வந்தது. நான்காவது மனு நேற்றுத்தான் போயிருக்கிறது.

பாஷா அவர்களே! நோயும் நோட்டீசும் அண்டாத நெடுவாழ்வு தங்களுக்கும் வஹீதா அம்மையாருக்கும் வாய்க்கட்டும்! இவ்வாழ்த்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட அளவெடுத்தபோது, “வேணாம் மேடம், வூட்டுக்காரர் செவுத்துல ஆணி அடிக்க வுடமாட்டார்” என்றீர்கள். ஆகவே புதிய மகப்பேறு வார்டில், தங்கள் வீட்டு வாசல் இருந்த இடத்தில் எழுந்த சுவரில், ஆணி அடித்துவிட்டோம். தங்களுக்கென்று ஒரு சுவர் வரும்வரை மடல் அங்கே தொங்கும். வந்ததும் நாங்களே கொண்டுவந்து கொடுப்போம். அன்று தாங்கள் பெற்றவர் இடத்தில் மட்டும் கையெழுத்திட்டால் போதும்.

ஜெயபுஷ்பம், அலுவலகக் கண்காணிப்பாளர்,
மற்றும் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்த அலுவலகப் பணியாளர்கள்