ஒப்புக்கிட்டாங்க

நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி தம்பி, உக்காருங்க. அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பேசுவேன், எங்க வழக்கம் அப்புடி, தப்பா நெனக்காதீங்க. அமெரிக்கா கான்சல் ஆபீசுல புதுசாச் சேந்த கிளார்க்குன்னு சொன்னீங்கள்ல? பேரு? ராஜரத்தினமா. நல்லாருங்க. இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க.

ஒப்புக்கிட்டாங்களா.

சரியா அதே வார்த்தையா? தலைய ஆட்டுனா எனக்கு எப்புடித் தெரியும், வாயத் தொறந்து சொல்லுங்க. ம். அமெரிக்கா பெரசிடெண்டு ஒப்புக்கிட்டாரு, எம் மவன் அஜீசத் தூக்குல போடமாட்டாங்க, கொஞ்ச காலம் செயில்ல வச்சிருந்து அனுப்பிருவாங்க. அல்ஹம்துலில்லாஹ். டீயக் குடிங்க, ஆறிப்போவுது. எங்க அடுப்புல போட்டதில்ல, பர்மாக்காரக் கடை டீதான், நீங்க குடிக்கலாம்.

அவுக, அஜீசோட அத்தா, வூட்டுல இல்ல தம்பி. ஜெட்டிக்குக் கப்பல் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புனாக. அமெரிக்காக் கப்பல் எது வந்தாலும் போவாக. அந்தப் புள்ளையக் கப்பலுக்கு அனுப்புனதே அவுகதானே. கீழ பாத்திருப்பீங்க, நம்ம கயித்துக் கடை. அலோன் ஜெட்டில வந்து நிக்கிற கப்பலுக்கெல்லாம் கயிறு குடுத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்துல யாரையோ புடிச்சு, ஒரு அமெரிக்காக் கப்பலுல சமையக்கட்டு வேல வாங்கிக் குடுத்தாக. மவன் ஏறிப் போன அன்னக்கி அவுக நடையப் பாக்கணுமே, தரையில கால் பாவல.

நடுக்கடல்ல என்னமோ சண்ட. ஒருத்தன் செத்துப்போனான். கத்தி எம் மவன் கையில இருந்துச்சுன்னாங்க. சமையக்காரன் கையில கத்தி இல்லாம கைராட்டையா இருக்கும்? அவன் குத்துனானா இல்லையா, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நான் பெத்தவ, நான் சொன்னா யாரு கேப்பா? அங்கயே கொண்டுபோயி விசாரிச்சு, தூக்குன்னு எழுதிட்டாங்க. அத நிறுத்தணும்னா அந்த நாட்டுப் பெரசிடெண்டு மனசு வைக்கணுமாம்.

கோர்ட்டு வாசல்ல தூங்குமூஞ்சி மரத்தடியில மனு எழுதுறாரே கருப்பையா, தெரியுமா? அவருதான் எழுதுனாரு. பதிலு வந்துச்சு. பெரசிடெண்டோட ஆபீசுலேருந்தே வந்துச்சு, மேல கழுகுப் படம் போட்ட கெட்டிக் காயிதம். கருப்பையா கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டுப் படிச்சாரு. ஒங்க மனுவ ஒப்புக்கிட்டோம்னு எழுதியிருக்கு பாய்ன்னாரு. அவ்ளோதான், எங்க அவுக அந்த மனுசனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நடுரோட்டுல அழுதாகளாம். அன்னக்கி இந்தத் தெருவுக்கே நெய்ச்சோறு. தூக்குச் சேதி வந்ததுலேருந்து கண்ண மூடாத மனுசன், அன்னக்கித்தான் குறட்ட விட்டுத் தூங்குனாக.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா டோ சேனுக்குத் துணி தச்சுக் குடுப்பேன். மறுநாளு துணியோட அந்தக் காயிதத்தையும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். ஏன்னு கேக்காதீங்க, பெத்த வயிறு, ஒருக்காப் படிச்சுக் கேட்டது போதல. அந்தம்மா படிச்சிட்டு எம் மொகத்தப் பாக்கல. பர்மாவுல சொல்லுச்சு, சா யாபீ. காயிதம் வந்து சேந்துச்சு, இதுல அவ்ளோதாம்மா எழுதியிருக்குன்னுச்சு.

கருப்பையா பொய் சொல்லல தம்பி, பாவம். மனு கெடச்சுதுன்னு எழுதுற அக்னாலெட்ஜுங்கிற அந்த இங்கிலீசு வார்த்தைக்கு அவரு அகராதில ஒப்புக்கொள்ளுதல்னுதான் போட்டிருக்காம். ஒங்களுக்குத் தெரியாததா.

வூட்டுக்கு வந்தேன். சட்டி பானையெல்லாம் நெய் மணத்தோட கெடக்குது. அவுக இன்னும் தூங்குறாக. அந்தத் தூக்கத்த நான் எப்புடி எழுப்புவேன்? அன்னக்கி வாய மூடுனவதான்.

அதுக்கப்புறம் இந்த வூட்டுல அந்த வார்த்தைய வச்சுத்தான் பொழப்பு. வயிறு சரியில்லன்னாலும், கடையில யாவாரம் இல்லன்னாலும், அதான் ஒப்புக்கிட்டாங்கல்ல சைதான்னு எங்கிட்ட சொல்லுவாக. பழைய பெரசிடெண்டு போயிப் புதுசா ஒருத்தரு வந்ததும் ஒங்க ஆபீசுக்கு ஓடுனாக. முன்ன இருந்த கிளார்க்கு சொன்னாராம், போனவரு காயிதத்தையெல்லாம் குறிப்பு எழுதிக் கட்டுக் கட்டா அலமாரியில பூட்டி வச்சிருப்பாங்க, ஒங்க மனுவும் அதுலதான் இருக்கும்னு. பாத்தியா சைதா, நம்ம மனுவ எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்காங்கன்னு வந்து சொன்னாக. நான் அடுப்படியில முந்தானைய வாயில அடச்சிக்கிட்டு அழுதேன்.

என்ன தம்பி, டீயத் தொடவேயில்ல போல. கிளாசு சத்தமே கேக்கல.

நீங்க படிச்ச புள்ள. தூக்கு நின்னுபோச்சுன்னா மன்னிச்சிட்டாங்கம்பீங்க, தண்டனையக் கொறச்சிட்டாங்கம்பீங்க. ஒப்புக்கிட்டாங்கன்னு ஒங்க ஆபீசுல யாரு சொல்லுவா? அது இந்த வூட்டு வார்த்தையாச்சே. யாரு சொல்லிக்குடுத்து அனுப்புனாகன்னு நீங்க வாயத் தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. மெதுவாப் பேசுங்க, கீழ நிக்கிறாக. ஜெட்டிக்குப் போயிருந்தா கடைக் கதவுச் சங்கிலி சத்தம் போட்டிருக்கும், போடல. படிக்கட்டுக்கிட்டத்தான் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாக.

போன வெள்ளிக்கெழம ஒங்க ஆபீசுலேருந்து ஆளு வந்து கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்து, என்ன சேதின்னு கேட்டா, ஒண்ணுமில்ல, கையெழுத்து வாங்குனாகன்னு சொன்னாக. சோறு எறங்கல. ராத்திரித் தொழுகையில எந்திரிக்கவே இல்ல, நெத்திய நெலத்துல வச்சு சஜ்தாவுலயே கெடந்தாக. மறுநாளு கடையக் கூட்டப் போனேன். கயித்துச் சுருளுக்குப் பின்னால ஒரு துணி மூட்ட. அவிழ்த்தா அஜீசு சட்ட. நான் தச்சது. காலருக்குத் துணி பத்தாம வேற நெறத்துல ஒட்டுப் போட்டிருப்பேன், அது இருந்துச்சு. வெளுத்து, மடிச்சு அனுப்பியிருக்காங்க.

மவன் வராம சட்ட மட்டும் தனியா வருமா தம்பி?

அவுக போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டு, இருந்த எடத்துலயே வச்சிட்டேன்.

அழாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, சொல்லச் சொன்னதச் சொன்னீங்க. பொண்டாட்டி தாங்கமாட்டான்னு அவுக நெனச்சிட்டாக. இத்தன வருசம் நான் நெனச்ச மாதிரியே.

கீழ போனதும் கேப்பாக, சைதா என்ன சொன்னான்னு. நம்பிட்டாங்க, நெய்ச்சோறு ஆக்கப் போறாங்கன்னு சொல்லுங்க. அரிசி விடியக்காலமே ஊறப் போட்டுட்டேன். மௌத்தானவுகளுக்கு, செத்துப்போனவுகளுக்குப் பாத்திஹா ஓதுறதும் நெய்ச்சோத்து மேலதான் தம்பி. அவுக அந்தப் பக்கம் உக்காந்து வாய்க்குள்ள ஓதிக்கட்டும், நான் இந்தப் பக்கம் ஓதிக்கிறேன்.