அரிசிக்காக வந்த அண்ணன்

— அழுவாதே. அழுதியோ, எல்லாம் போச்சு. பல்லக் காட்டு. கையில சைக்கிளப் பிடிச்சிருக்கேல்ல? அதையும் காட்டு.

— லாத்தா, என்ன நடக்குது அங்க? உனக்குப் பின்னால யாரு அது?

— வார்டு ஆபீஸுலருந்து வந்திருக்காங்க. ஒருத்தன் நம்ம நூல் கடைக்குள்ள, என் நாற்காலியில. ரெண்டு பேரு வெளிய, வண்டியில. பயப்படாமக் கேளு, மாஹிர். இவனுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. நாம சிரிக்கிறோமா, அழுவுறோமா, அது மட்டும்தான் தெரியும். அதனால நான் என்ன சொன்னாலும் சிரி, கேட்டியா?

— சைக்கிள் சாயுது லாத்தா.

— அப்ப ஹாண்டில் பார இறுக்கிப் பிடி. 'உன் தம்பி எங்க?'ன்னான். பிரான்ஸுல ஒரு டூர் கம்பெனி யாங்கோன் கைடுகளக் கூப்பிட்டிருக்கு, எட்டு நாள் ஆத்தோரமா சைக்கிள்ல போயி கோட்டை கோட்டையாப் பாக்குறான், சனிக்கிழமை வந்துருவான்னு சொன்னேன். நம்பல. 'சைக்கிள் மிதிக்கவா ஒருத்தன் பிரான்ஸுக்குப் போவான்?'னான். வீடியோ போன் போட்டுக் காட்டுன்னான். காட்டு.

— சரி... சரி. இதோ. வலப்பக்கம் பாருங்க...

— என்னையா சொல்றே, பாருங்கன்னு?

— பயத்துல வாய் தானா கைடு வேலை பாக்குது லாத்தா. வலப்பக்கம் ஆறு. ஷேர்னு பேரு. கொஞ்ச தூரம் போயி லுவார் ஆத்துல விழுவுது. தண்ணிக்குக் குறுக்கால வெள்ளையா நிக்குதே, பாலம்னு நினைக்காதே. அரண்மனை. ஷெனோன்சோ. ஆத்து மேலயே கட்டியிருக்காங்க. தெரியுதா?

— ஆங், அப்படியே பேசு. கழுத்த நீட்டிப் பாக்குறான். உள்ள ராஜா இருக்காரான்னு கேக்குறான்.

— ராஜா இல்லன்னு சொல்லு. ஒரு ராஜா இத ஆசைநாயகிக்குக் குடுத்தான். அவன் செத்த கையோட ராணி வந்து பிடுங்கிக்கிட்டா.

— ராஜா வெளியூர் போயிருக்கார்னு சொல்லிட்டேன். சிரிக்கிறான். நீயும் சிரி.

— லாத்தா, எதுக்கு வந்திருக்காங்க? ராணுவத்துக்கு ஆள் எடுக்கத்தானே? சீட்டுக் குலுக்கல்ல என் பேரு வரலன்னு நீதானே சொன்னே?

— உன் பேரு வரல. அரிசி அண்ணன் பேரு வந்திருக்கு.

— யாரு?

— பேரச் சொல்லித் தொலைக்காதே! தமிழ் புரியாட்டியும் பேரு புரியும் இவனுக்கு. பள்ளிக்கூடத்துல உனக்கு வச்சாங்களே, பர்மாப் பேரு. வீட்டுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இங்க நம்ம ஆளுங்க யாருக்குத்தான் ரெண்டு பேரு இல்ல? நர்கிஸ் புயல்ல நனைஞ்ச வீட்டு ஆளுங்க லிஸ்ட்டப் புதுசா எழுத வாப்பா வார்டு ஆபீஸுக்குப் போனாங்க. உன் ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிருக்காங்க. கிளார்க்கு ரெண்டு பையன்னு எழுதிட்டான். உனக்கு எட்டு வயசு, அவனுக்குப் பத்து வயசு. வயசு கிளார்க்கு தானாப் போட்டது.

— யா அல்லா. அது... அது விளையாட்டாச்சே லாத்தா! ரெண்டு பையனுக்கும் நிவாரண அரிசி வந்துச்சுன்னு வாப்பா சிரிச்சாங்களே. 'பத்து வயசுல ஒரு மகன் பொறந்திருக்கான், சாப்பாடே கேக்க மாட்டான்'னு.

— அரிசி வந்துச்சு, தார்ப்பாய் வந்துச்சு. அதனால யாரும் திருத்தப் போகல. நானும்தான் தின்னேன் அந்தச் சோத்த. இப்ப அவனுக்கு இருபத்தேழு வயசு, சீட்டு விழுந்துருச்சு. சிரி, மாஹிர். முகம் தொங்குது.

— அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லேன்!

— வாப்பா மௌத்தானப்புறம் இந்த லிஸ்ட்டுக்குத் தலை யாரு? நான். போன வருஷம் சரிபாக்க வந்தப்ப, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான். இல்லாத ஆள இருக்கான்னு எழுதிக் குடுத்திருக்கேன், இந்தக் காலத்துல. உள்ள தள்ள வேற என்ன வேணும்? ரெண்டும் ஒரே ஆளுதான்னு சொன்னா, நீ சீட்டு விழுந்து நாட்ட விட்டு ஓடினவன். எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவரு.

— நான் வந்துர்றேன். சனிக்கிழமை எதுக்கு, நாளைக்கே பாரிஸுக்குப் போயி டிக்கெட்ட மாத்துறேன். நானே அரிசி அண்ணனாப் போறேன்.

— இவனுக்கு இன்னிக்கு நாலு மணிக்குள்ள தலை வேணும். வண்டியில ஏற்கெனவே ரெண்டு பிள்ளைங்க உக்காந்திருக்கு, தலையக் குனிஞ்சுக்கிட்டு. சைக்கிள் நல்லா ஓட்டுறியான்னு கேக்குறான்.

— மூணு தடவை விழுந்தேன்னு சொல்லு. யாங்கோன் பெரிய ரோட்டுல சைக்கிளே விடமாட்டாங்க, நான் எங்க பழகுறது? எழுபது வயசு வெள்ளைக்காரிங்க மணியடிச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போறாங்க.

— சொல்லிட்டேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். நல்ல மூடுல இருக்கான், அல்லாவே, இப்படியே இருக்கணும். ஆத்து மேல நீளமா ஒரு கூடம் தெரியுதே, அது என்னங்கிறான்.

— அதுவா... ரெண்டாம் உலகப் போர்ல இந்த ஆறுதான் எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மன் ராணுவத்துக்கிட்ட. கூடத்தோட அந்தக் கோடியில இருக்கிற கதவத் தாண்டிட்டா சுதந்திரம். நிறையப் பேரு இது வழியா நடந்தே தப்பிச்சிருக்காங்களாம். காலையில கைடு சொன்னப்ப எனக்கு அங்கேயே உக்காரணும் போல ஆயிருச்சு.

— இத நான் மொழிபெயர்க்க மாட்டேன். டான்ஸ் ஆடுற மண்டபம்னு சொல்லிட்டேன்.

— அதுவும் உண்மைதான்.

— அது போதும் அவனுக்கு.

— லாத்தா, மச்சான் எங்க? மச்சானத் தூக்கிட்டுப் போயிட்டா?

— வண்டி சத்தம் கேட்டதுமே பின்வாசல் வழியாப் போகச் சொல்லிட்டேன். இவனுக்கு மச்சான் முகம் தெரியாது. இவன் புதுசு, இந்த வார்டுக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மாசம். மச்சான் பேரு தாகேதாவுல அவங்க உம்மா வீட்டு லிஸ்ட்லதானே இருக்கு? பத்து வருஷமா மாத்து மாத்துன்னு கத்துறேன். கேட்டாத்தானே? இங்க படுக்குறதுக்கே தினம் வார்டு ஆபீஸுல விருந்தாளின்னு எழுதிக் குடுக்கணும். நாலு நாளா அதுவும் குடுக்கல. இவரு இங்க இருக்கிறதே குத்தம்.

— அப்ப அரிசி அண்ணனுக்கு என்ன சொல்லப் போறே?

— மந்தலேயில வேலைன்னு சொல்லிருக்கேன். போன் நம்பர் குடுங்கிறான். தேடுறேன்னு சொல்லி இழுத்துக்கிட்டிருக்கேன். நீ இன்னும் கொஞ்சம் காட்டு. அந்தப் பூந்தோட்டத்தக் காட்டு. அவன் பொண்டாட்டிக்குப் பூன்னா பிடிக்குமாம்.

— இதோ, இடப்பக்கம் பாருங்க... லாத்தா? எங்க பாக்குறே? என்னைச் சிரிக்கச் சொல்லிட்டு நீ ஏன் சிரிக்கல?

— மச்சான் போகல.

— என்னது?

— உள் ரூமுல லுஹர் தொழுதிருக்காரு. இப்ப வெளிய வந்து நிக்கிறாரு. தொப்பியக் கழட்டி மடிச்சுச் சட்டைப் பையில வைக்கிறாரு. இவன் எந்திரிச்சுட்டான். யாரு இதுங்கிறான்.

— நூல் வாங்க வந்த ஆளுன்னு சொல்லு! தையக்காரர்னு சொல்லு!

— உள்ளருந்தா வருவான் நூல் வாங்குறவன்? இரு. மச்சானே பேசுறாரு.

— என்ன சொல்றாரு? லாத்தா! என்ன சொல்றாரு?

— நீங்க தேடுற ஆளு நான்தான்னு சொல்றாரு. பேரோட சொல்லிட்டாரு.

— பைத்தியமா அவருக்கு? முப்பத்தாறு வயசு! இவங்க கேக்குற வயசே தாண்டியாச்சு. அவரத் தொட முடியாதே!

— கார்டு கேட்டான். மழையில போச்சுன்னாரு. லிஸ்ட்டப் பாக்குறான், மச்சானப் பாக்குறான். அவனுக்குத் தெரிஞ்சுருச்சு மாஹிர். தெரிஞ்சுதான் பல்லக் காட்டுறான். இவனுக்குத் தலைதான் வேணும். யாரு தலைன்னு மேல எவனும் கேக்கப் போறதில்ல.

— ஸ்பீக்கரு போட்டிருக்கேல்ல? நான் உண்மையச் சொல்றேன். பர்மாப் பாஷையில சொல்றேன், இப்பவே.

— சொன்னா மூணு பேரும் உள்ள. மச்சான் பொய் சொன்னதுக்கு, நான் கையெழுத்துப் போட்டதுக்கு, நீ ஓடினதுக்கு. மூணு பேரும் போயிட்டா ஷிரின யாரு பாத்துக்குறது? ஸ்கூல் விட்டு மூணரைக்கு வந்துருவா என் பிள்ளை.

— மச்சான்கிட்டக் குடு. லாத்தா, உன் கால்ல விழுவுறேன், குடு.

— மாஹிரு, மச்சான் பேசுறேன். எல்லாம் உள்ளருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— மச்சான், வேணாம் மச்சான். ஏன் போகல நீங்க?

— பின்கதவத் திறந்து ஒரு காலை வெளிய வச்சேன்டா. நான் போயிட்டா உங்க லாத்தாவத்தான் ஏத்துவான்னு தோணுச்சு. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் யோசிக்கல. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

— நான் சனிக்கிழமை வந்து...

— வராதே. நீ வந்து இறங்குனா இந்தக் கடையில ஆம்பளை ஒண்ணு கூடும், அவனுக்குக் கணக்கு ஒண்ணு கூடும். அங்கேயே ஏதாவது வழி பாரு. உங்க லாத்தாவுக்கு ராத்திரியில போன் போடு, கொஞ்ச நாளைக்கு அவ தூங்க மாட்டா.

— மாஹிர், போன இவன் வாங்குறான். உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். பர்மாப் பாஷையில கேப்பான், அதுலயே சொல்லு. அழுவாதே, கேட்டியா? ஒரே வார்த்தை. அழுவாமச் சொல்லிரு.

— தம்பி, நான் பேசுவது கேட்கிறதா? அருமையான இடமாக இருக்கிறது. என் பக்கத்தில் நிற்கிறாரே, இவரை நன்றாகப் பார்த்துச் சொல். பட்டியலில் உனக்கு மூத்தவர் என்று போட்டிருக்கிறது. இவர்தானே ஜோ மின்?

— ஆமாம் ஐயா. இவர்தான் எங்கள் அண்ணன்.