அட்ராக்டா வீட்டு ஓட்டு

— நாய் கடிக்காது கோல்மன், உள்ள வா. இப்படி மழையில நனைஞ்சு நின்னாலும் இந்த லீட்ரிம் தொகுதியில எவனும் இரக்கப்பட்டு ஓட்டுப் போட மாட்டான்.

— இதோட பத்து வீடு தட்டிட்டேன் அட்ராக்டா. ஏழு பூட்டிக் கிடக்கு. ரெண்டு வீட்டுச் சன்னல்ல என்னை எதிர்த்து நிக்கிற அந்த டாக்டரம்மா படம்.

— இங்கயும் வந்தாங்க. தபாலாபீசை மூடினப்ப உங்க எம்.பி. என்ன செஞ்சாருன்னு கேட்டாங்க.

— டப்ளின் பார்லிமெண்டுல எதிர்த்துப் பேசினேனே!

— பேசினே. அப்புறம் மூடச் சொல்லி கட்சி கை தூக்கினப்ப நீயும் தூக்கினே.

— அப்புறமா பாத்துக்கலாம்னு நெனச்சேன்.

— முப்பத்திரண்டு வருஷமா அங்க உக்காந்து இதைத்தான் சொல்றே. உன் கல்லறையிலயும் 'பாத்துக்கலாம்'னுதான் வெட்டப் போறாங்க. ரொட்டி எடுத்துக்க, டீ ஆறுது.

— போன தடவை நாப்பத்து மூணு ஓட்டுல தப்பிச்சேன். இந்தத் தடவை கட்சிக்காரனே கூட நடக்க வெக்கப்படறான். தனியாத்தான் வண்டி ஓட்டிட்டு வந்தேன். இந்த ஒரு வீட்டுலயே எனக்கு ஏழு ஓட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— ஆறு போச்சு. எம் புருஷன் மலாக்கி மண்ணுக்குள்ள. பிள்ளைங்க அஞ்சும் சிட்னியில.

— அஞ்சு பேருக்கும் நாலே நாள்ல பாஸ்போர்ட் வாங்கிக் குடுத்தது யாரு?

— நீதான். நல்லாத்தான் வாங்கிக் குடுத்தே. இப்ப எனக்கும் ஒண்ணு வேணும். விண்ணப்பம் போட்டு ஒன்பது வாரம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல.

— அட, இவ்வளவுதானா! அந்த ஆபீசுல என் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கு. ஒரு போன் போதும். பேரப்பிள்ளைங்களைப் பாத்துட்டு எப்ப திரும்புவே?

— திரும்பல. வீட்டை வித்தாச்சு. விமானம் வர்ற வியாழக்கிழமை.

— வெள்ளிக்கிழமை ஓட்டு, அட்ராக்டா.

— தெரியாமலா இருக்கேன். மறைக்காமச் சொல்றேன் கேட்டுக்க. பாஸ்போர்ட் வரலைன்னா நான் இங்கதான் கிடப்பேன். கிடந்தா, ஓட்டுச் சீட்டுல உன் பேருக்கு நேராத்தான் முதல் விருப்பம், ஒண்ணுன்னு எழுதுவேன். அந்த டாக்டரம்மாவுக்கு ரெண்டாவது விருப்பம் கூடக் கிடையாது. மலாக்கி மேல சத்தியம்.

— மூக்குக் கண்ணாடியை வண்டியில விட்டுட்டேன். விண்ணப்ப நம்பரை மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்.