சுண்ணாம்பு என்று சொன்னேன்

உங்கள் விசாரணை அறைக்குள் வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தேன், கவனித்திருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கொத்தனார் புத்தி. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் என் விரல்முட்டி சுவரில் இருக்கும். இது நல்ல சுவர். சன்னலுக்குக் கீழே மட்டும் பூச்சு கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, தட்டினால் ஓட்டைச் சத்தம் வரும். அதனால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. பூச்சு விடுவது வேறு, சுவர் விடுவது வேறு. தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும்.

நான் மண் சுமந்து வளர்ந்தவன். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா கல் உடைத்தாள். சித்தாளாக நுழைந்து மேஸ்திரி ஆவதற்குள் முதுகு பாதி வளைந்துவிட்டது. எத்தனையோ கட்டடம் எழுப்பினேன். முடிந்த பிறகு ஒன்றிலும் என்னை உட்காரச் சொன்னவர் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, வழக்கம் அப்படி.

சண்டை நகரத்தை நெருங்கியபோது பழைய வணிகர் மண்டபத்தைக் காப்பாற்ற ஆள் தேடினார்கள். பாதி தரைக்குக் கீழே இறங்கிய கல் மண்டபம் அது. கூரை முழுக்க ஓவியம். ராஜா கிடையாது, போர்க்களம் கிடையாது. அந்தக் காலத்து எங்கள் கடைத்தெருதான் மேலே இருக்கிறது. தண்ணீர் சுமப்பவள், செருப்புத் தைப்பவன், கூட்டத்துக்கு நடுவே கொட்டாவி விடுகிற ஒருத்தி, மூட்டையோடு குனிந்து நிற்கிற ஒருவன். என் தங்கை முதல் தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவன் மூட்டையை எறக்கவே மாட்டானா அண்ணே? கூலி பேசாம தூக்கிட்டான் போல" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் நிற்கும் நிற்பு அப்பாவின் நிற்பு. அவளிடம் அதைச் சொல்லவில்லை. அப்பா போனபோது அவள் கைக்குழந்தை.

வேலையை நடத்த ஓவிய நிபுணர் ஒரு அம்மா வந்தார். காதில் எப்போதும் ஒரு தூரிகை செருகியிருக்கும், அதனால் எங்களுக்குத் தூரிகையம்மா. சன்னல்களை மண் மூட்டையால் அடைத்தோம். இதை அடிக்காதே என்று விமானத்துக்குச் சொல்லும் குறி ஒன்றை, நீலமும் வெள்ளையுமாகக் கூரையின் மேல்புறம் வரைந்தோம். எதிரே கடை வைத்திருந்த தையல்காரர் படியில் நின்றுகொண்டு, "மேஸ்திரி, மிச்சப் பெயிண்ட் இருந்தா எங்க மொட்டைமாடியிலயும் ஒண்ணு போட்டுக் குடுய்யா. என் பொண்டாட்டியும் பழைய சொத்துதான்" என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் ஒரு வசவு விட்டது தெரு முழுக்கக் கேட்டது.

கூரைக்கு முட்டுக் கொடுக்கக் கனமான மரம் கிடைக்கவில்லை. எங்கிருந்தாவது கொண்டுவாருங்கள் என்றார் தூரிகையம்மா. கொண்டுவந்தேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டுப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். காற்றில் எவ்வளவு ஈரம் என்று முள் காட்டும் ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தார். "மேஸ்திரி, குண்டு பக்கத்துல விழுந்தா இந்தக் கல்லு தாங்கும். ஆளுங்க மூச்சைத்தான் இந்தச் சாயம் தாங்காது. கூட்டத்தை உள்ள விட்டுடாதீங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். என் வாழ்நாளில் என்னை நம்பி யாரும் எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

முதல் குண்டுவீச்சில் நான் யாரையும் தடுக்கவில்லை. கூரைக் குறியைப் பார்த்திருந்ததால் தெருவே மண்டபத்துக்கு ஓடிவந்தது. பாயும் குடமும் குழந்தையுமாக உட்கார்ந்தார்கள். பயத்தில் ஒருவர் மேல் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முள் ஏறிக்கொண்டே போனது. அவர்கள் வீடு திரும்பிய பிறகு விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். கூரை வியர்த்திருந்தது. கொட்டாவி விடுகிறவளின் வாய் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அவள் வாய் தரையில் செதில் செதிலாகக் கிடந்தது. காகிதத்தில் கூட்டி அள்ளினேன்.

மறுநாள் காலையிலேயே தெருக்காரர்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் அடிப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் வாசலில் நின்றேன். கதவைச் சாத்தியிருந்தால் உடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள், அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் உடைத்திருப்பேன். ஆகவே கதவைத் திறந்தே வைத்தேன். தையல்காரரை உள்ளே கூப்பிட்டு, கூரை வளைந்து இறங்கும் இடத்தில் சுத்தியலின் கட்டையால் தட்டினேன்.

"ஐயோ, ஓட்டைப் பானை மாதிரி கேக்குதே" என்றார்.

"நேத்து அதிர்ந்ததுல விட்டுப்போச்சு. எப்ப வேணா எறங்கும்" என்றேன்.

அது பூச்சின் சத்தம். ஓவியம் போட்ட சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் கல்லைவிட்டு எழும்பியிருந்தது. பின்னால் இருந்த கல் எங்கள் ஊரிலேயே உறுதியான கல். அன்றைக்கு அந்த ஊரில் உயிரோடு இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டான் என்ற பேச்சு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நாங்க எங்கதான் போறது?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. தெருவில் தரைக்குக் கீழே இடம் இருந்தது இன்னொரு கட்டடத்துக்குத்தான், கோடியில் இருந்த மாவுக் கிடங்கு. மாவு வரத்து நின்றதிலிருந்து காலியாகக் கிடந்தது. அங்கே போகச் சொன்னேன்.

கிளம்பத் தயங்கினார்கள். கூட்டத்தில் ஒருவர் முதலில் நடந்தால் மற்றவர்கள் பின்னால் போவார்கள். என் தங்கையைப் பார்த்தேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவள் புருஷன் அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுமைக்குப் போயிருந்தான். மேஸ்திரி தன் தங்கையையே அனுப்புகிறான் என்றால் அப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"நீ முன்னாடி போ தாயி" என்றேன்.

அவள் சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். போகிற போக்கில் முட்டுமரம் ஒன்றின் மேல் கை வைத்தாள். மாவு வந்துகொண்டிருந்தவரை அந்தக் கிடங்கில் கூட்டிப் பெருக்குவதுதான் அவள் வேலை.

"அண்ணே, இது எங்க கிடங்கு மரம் மாதிரி இருக்கே. மாவு ஒட்டியிருக்கு பாரு."

"சுண்ணாம்பு" என்றேன்.

அவள் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வாய்ப்பக்கம் கொண்டு போனாள்.

"நாக்குல வைக்காத. வெந்துடும்."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி, நீயும் பின்னாடியே வந்துடு. கூரை விழுந்தா அந்த மூட்டைக்காரன் உன் தலை மேலதான் எறக்குவான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தெரு அவள் பின்னால் போனது.

அது மாவுதான். கிடங்கின் கீழறைக் கூரையில் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. போன வருஷம் அதற்கு முட்டு வைத்தவனும் நான்தான், மண்டபத்துக்காக அதைப் பிடுங்கியவனும் நான்தான். பிடுங்கும்போது கிடங்கு காலி. காலிக் கட்டடம் விழுந்தால் விழட்டும் என்று நினைத்தேன். அவர்களை அனுப்பும்போது, ஒரு பொழுதுதானே தாங்கிவிடும், நாளைக்கு நாலு மரம் தேடிக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கிடங்கின் மேல் குண்டு விழவில்லை. பின்தெருவில்தான் விழுந்தது. முட்டு இருந்திருந்தால் கூரை நின்றிருக்கும். முட்டு இல்லை, அதனால் இறங்கியது. எத்தனை பேர் என்ற கணக்கு உங்களிடம் இருக்கும். எனக்கு ஒவ்வொருவர் வீட்டு வாசற்படியும் தெரியும், பாதி நான் கட்டியவை.

நானும் தோண்டினேன். எல்லோரையும்விட அதிகமாகத் தோண்டினேன் என்று சொன்னார்கள். தையல்காரர் தலையில் கட்டோடு தெருவில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே போனவள்தான். "உன் தங்கச்சி உள்ள போன கொஞ்ச நேரத்துல என்னமோ ஆயிடுச்சுய்யா. தரையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் எல்லாரும் வெளிய போங்க, வெளிய போங்கன்னு கத்துச்சு. விமானச் சத்தம் கேக்குது, இப்பப் போய் யாரு வெளிய வருவா? முன்னாடி இருந்த நாலஞ்சு பேர் எந்திரிச்சோம். அது எதுக்குக் கத்துச்சுன்னு இப்பவும் புரியல" என்றார்.

எனக்குப் புரிந்தது. முட்டு நின்ற இடம் தரையில் தடமாகத் தெரியும். தினம் அதைச் சுற்றித்தான் அவள் பெருக்குவாள்.

அவள் படியில் கிடந்தாள், முகம் கீழறையைப் பார்த்து. தப்பித்து மேலே ஏறியவளின் கிடப்பு அது இல்லை. மற்றவர்களைக் கூப்பிடத் திரும்பியிருக்கிறாள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், நல்லது நினைத்து அனுப்பினான், தங்கையையே பறிகொடுத்தான் என்றார்கள். சண்டை ஓய்ந்ததும் தூரிகையம்மா திரும்பி வந்து கூரையைப் பார்த்து அழுதார், சந்தோஷத்தில். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளை அன்று முழுக்க எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நேற்று மாப்பிள்ளை, அதுதான் தங்கை புருஷன், மண்டபத்துக்கு வந்தான். "மச்சான், அவ எப்பவும் சொல்லுவாளே அந்த மூட்டைக்காரன், அவனைக் காட்டு" என்றான். காட்டினேன். அவனும் அப்பா மாதிரி சுமக்கிறவன். மேலே பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்க ஆரம்பித்தது. இன்றைக்கு இவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கதவைத் திறந்திருந்தேன். பக்கத்தில் போய்க் குந்தினேன். அவன் முதுகில் கை வைத்தேன். மாப்ளே என்று கூப்பிட்டேன், நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் கண்ணீர். வாய்விட்டு அழுதான், நெடுநேரம் விடாமல் அழுதான். அவன் தலைக்குப் பின்னால் ஈரம் காட்டும் அந்தப் பெட்டி இருந்தது, முள் லேசாக அசைந்தது.

"வெளிய போய் அழு மாப்ளே" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.