மூணாவது லைன் பொண்ணு

— கட்டுரைல பேர மாத்திதானே எழுதிக்கீறேன், மாரி. நல்லா பாரு. சந்தனமாரின்னு எங்கனா கீதா?

— பேரு இல்ல சசி அக்கா. மத்தது பூரா இருக்கே. விளாத்திகுளத்துக்காரி, கம்பெனில மூணாவது அசெம்பிளி லைன், இடதுகைப் பழக்கம், வலது புருவத்துல தழும்பு. வேலைல நிக்கும்போது மயங்கி விழுந்தா, கம்பெனி ரிஜிஸ்டர்ல அத ஏத்தலன்னு. எச்.ஆர். சார் வாசிச்சு முடிச்சிட்டு என் புருவத்தப் பாத்தாவ.

— அவர் கைக்கு எப்டி போச்சு? அது வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைடி. அத பத்து பேரு படிச்சா பெருசு.

— நீங்கதான் போன்ல போட்டியளாமே. என் முதல் ஆய்வுக் கட்டுரை, ஒரகடம் பெண் தொழிலாளர்களப் பத்தின்னு. சாரும் லைக் போட்டுட்டுத்தான் வாசிச்சிருக்காவ.

— காலேஜ்ல ஒரு நாள் பயிற்சி வெச்சாங்க, புதுசா ஆராய்ச்சி எழுதறவங்களுக்கு. கட்டுரை வந்ததும் நாலு பேரு கண்ணுல படற மாதிரி போடணும்னு சொன்னாங்க. நானும் போட்டேன். இன்னா புத்தி கெட்டவ நான்.

— தழும்ப எதுக்கு எழுதுனிய?

— மொதல்ல எழுதல. பத்திரிகைல திருப்பி அனுப்பிட்டாங்க, பொத்தாம்பொதுவா கீது, ஆளே கண்ணுல தெரியலன்னு. என் பிஎச்.டி. கைடு சாரும் அதையேதான் சொன்னாரு. ஒரு வாரம் உன்னயே நெனச்சிகினு உக்காந்து எழுதினேன்.

— நல்லாத்தான் எழுதியிருக்கிய. சார் தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துட்டு. என்னய இம்புட்டு யாரும் பாத்ததில்லக்கா.

— வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?

— இல்ல. நாளைக்குக் காலை ஷிப்டு போவணும்.

— நெசமாவா? நாளைக்கு நானே வந்து அந்த எச்.ஆர். கிட்ட பேசறேன். இவ சொன்னது அத்தனையும் உண்மை, நோட்ல தேதியோட எழுதி வெச்சிக்கீறேன்னு சொல்றேன்.

— வராதிய அக்கா.

— எட்டு மாசமா இந்தப் பிள்ளைப்பாக்கம் ரூமுக்கு வந்து, உன் கையால சோறு துன்னவடி நான். நீ குரல் பதிய வேணாம்னே, பதியல. கையெழுத்து வேணாம்னே, வாங்கல. இப்போ உன்னத் தனியா வுட்டுட்டு, இந்தக் கட்டுரைய வெச்சிகினு பிஎச்.டி. வாங்கினு போவேனா?

— உங்க காலேஜுக்கு மெயில் போயிட்டுக்கா. இன்னைக்கு மத்தியானமே.

— யாரு அனுப்பினது? இன்னான்னு?

— சாருதான். நான் எழுதிக் குடுத்தத வச்சு.

— நீயா? நீ இன்னாடி எழுதிக் குடுத்த?

— அந்த வேலை போனா ஊருக்குத்தான்க்கா போவணும். நான் மயங்கி விழவே இல்ல, சசிரேகான்னு ஒருத்தர நான் பாத்ததே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்.