உயர வரிசையும் யானையும்

கற்பித்தல் நூலொன்றை மதிப்பிட்ட ஆசிரியருக்குப் பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. கல்வித் திணைக்களத்தில் அதை மேசை மேசையாக நினைவூட்டியே நான் ஓய்வு பெற்றேன். ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"யானை வந்தாலும் பிள்ளையள் உயர வரிசையில மைதானத்துக்குப் போகோணுமாம், அக்கா."

"ஆர் சொன்னது?"

"அந்தப் புதுக் கற்பித்தல் புத்தகம். ஆபத்தெண்டால் வெளியில போகப் பழக்கட்டாம். எங்கட மைதானத்திலதானே யானை நிக்கிறது."

"மதிப்பீட்டுப் படிவத்தில எழுதினனீரே?"

"எழுதினனான். குறிப்புக்கு ஒரு வரிதான் விட்டிருந்தவை. யானை அதுக்குள்ள அடங்கேல்லை. வேற தாள் ஒட்டினனான்."

"ஒட்டினால் அது இணைப்பு. இணைப்பு வேற மேசைக்குப் போயிடும்."

"போய் ஒரு வருசம் கிடந்தது. இப்ப பதில் வந்திட்டுது. அடுத்த பதிப்பில பாப்பினமாம். அதுவரைக்கும் புத்தகத்தில உள்ளபடி செய்யட்டாம்."



"எப்ப வந்தது?"

"போன செவ்வாய்க்கிழமை, மைதானத்தில யானை நிண்ட அண்டைக்கு. கடிதம் கொண்டுவந்த தபால்காரரையும் வகுப்புக்குள்ள இழுத்துப்போட்டுத்தான் கதவைச் சாத்தினனான்."